சிசிலியில் கடற்பாறை உச்சிக் கோட்டை வாங்குவது எப்படி: எதை முதலில் பார்ப்பது, எங்கே கையெழுத்து போடாமல் நிற்பது

சிசிலித் தீவின் கரையில் 'காஸ்தெல்லோ' என்ற பெயரில் விற்பனைக்கு வரும் கட்டடங்களில் பல, ஒரே காலத்தில் கட்டப்பட்டவை அல்ல. நடுவில் ஒரு காவல் கோபுரம் இருக்கும். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரைக் கண்காணிக்க, தீவு ஸ்பானிய வைஸ்ராய்களின் ஆட்சியில் இருந்த 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கோபுரங்கள் இவை. 1583-84இல் கமில்லோ கமில்லியானி என்ற பொறியாளர் கரை முழுவதையும் சுற்றி அளந்து, கோபுர வரிசைக்குத் திட்டம் தீட்டினார். அந்தக் கோபுரத்தை ஒட்டி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏதோ ஒரு பிரபுக் குடும்பம் சேர்த்த மண்டபங்கள், அழகுக்கு வைத்த மதில் பற்கள், 1960களில் போட்ட கான்கிரீட் தளம், அதன்மேல் ஒரு குளியலறை, கடைசியாக விளிம்போரம் ஒரு நீச்சல் குளம். விலை மொத்தத்துக்கும் ஒன்று. ஆனால் சட்டத்தின் பார்வையில் ஒவ்வொரு அடுக்கும் வேறு, உறுதியும் வேறு.

வாங்க வருபவர்கள் வழக்கமாகக் காட்சியைப் பார்ப்பார்கள், பிறகு சுவரைப் பார்ப்பார்கள், பிறகு பத்திரம், கடைசியில்தான் பாறை. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். சுவரைப் பணத்தால் சரி செய்யலாம். பத்திரக் குறையைப் பணமும் காலமும் சேர்ந்து சில நேரம் சரி செய்யும். சரியும் பாறைக்கு மாற்று இல்லை. ஆகவே முதல் செலவு ஜெயோலொகோ என்ற நிலவியலாளருக்கு. கட்டடக்கலைஞரும் வழக்கறிஞரும் அதற்குப் பின்தான்.

பாறை

எந்தக் கல் மேல் கட்டடம் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். தெற்குக் கரையில் பல இடங்களில் மேலே மஞ்சள் நிறச் சுண்ணாம்பு மணற்கல், அடியில் களிமண். அலை களிமண்ணை அரிக்க, மேல்கல் அந்தரத்தில் நிற்கும். ஒரு மழைக்காலத்தில் செங்குத்துப் பிளவு வழியாகப் பாளம் பாளமாக விழும். ரியல்மோந்தே ஊரின் 'ஸ்காலா தெய் துர்கி'யில் வெள்ளைச் சுண்ணக் களிக்கல். பார்க்க அழகு, காலால் தேய்த்தாலே பொடியும். பலேர்மோவுக்கு மேற்கே, சான் வீத்தோ லொ காப்போ பக்கம் கெட்டியான சுண்ணாம்புக் கல். அங்கே விளிம்பு மெல்லத்தான் பின்வாங்கும். மாறாக, வீட்டுக்குப் பின்னால் உள்ள மலையிலிருந்து கல் உருண்டு வருவதுதான் ஆபத்து. எட்னாவின் கரையில் எரிமலைக் கருங்கல். கல்லுக்குக் கல் கேள்வி மாறும். எல்லா இடத்துக்கும் ஒரே அறிக்கையை நகல் எடுத்துக் கொடுப்பவரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறிக்கை கேட்பதற்கு முன்பே நீங்களே செய்யக்கூடியவை உண்டு. முதலாவது 'பாய்' எனப்படும் நிலச்சரிவு-வெள்ள ஆபத்து வரைபடம். மாநில அரசு வெளியிடுவது, இணையத்தில் இலவசம். ஆபத்தின் அளவு பி4 வரையும், அதனால் ஆட்களுக்கும் சொத்துக்கும் நேரக்கூடிய பாதிப்பு ஆர்4 வரையும் குறிக்கப்பட்டிருக்கும். பி3, பி4 நிறத்துக்குள் கட்டடம் விழுந்தால், அனுமதி பெரும்பாலும் பராமரிப்புக்கும் வலுவூட்டலுக்கும் மட்டும்தான். நிறத்துக்கு வெளியே இருப்பதாலேயே பாறை உறுதி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. யாரும் அளக்காத இடமும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பழைய வான்படங்கள். 1954-55இல் இத்தாலி முழுவதும் விமானத்திலிருந்து படம் எடுக்கப்பட்டது. பிளாரன்ஸில் உள்ள ராணுவப் புவியியல் நிறுவனத்தில் அதை வாங்கலாம். அந்தப் படத்தின் விளிம்பையும் இன்றைய படத்தின் விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 70 ஆண்டுகளில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். சராசரியை மட்டும் கணக்கிட்டு ஏமாறாதீர்கள். ஆண்டுக்குப் 10 செ.மீ. என்று வருவது, உண்மையில் ஒரே இரவில் 7 மீட்டர் விழுந்ததன் சராசரியாக இருக்கலாம்.

மூன்றாவது, நடந்து பார்ப்பது. விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல்கள் எங்கே? தோட்டச் சுவர் கடல் பக்கம் சாய்ந்திருக்கிறதா? மொட்டை மாடித் தரையில் ஒரே கோட்டில் ஓடுகள் உடைந்திருக்கின்றனவா, அந்தக் கோட்டில் புதிதாகச் சாந்து பூசி மறைத்திருக்கிறார்களா? ஒரு படகு எடுத்துக் கீழிருந்தும் பாருங்கள். மேலே நின்று பார்த்தால் தெரியாத குடைவும் குகையும் கடலிலிருந்து தெரியும். பாறை முகத்தில் ஒரு இடம் மட்டும் பச்சையாக, ஈரமாக இருந்தால் அங்கே நீர் கசிகிறது. மழை இல்லாத ஆகஸ்டிலும் கசிந்தால் அது வீட்டின் கழிவுநீர்க் குழியோ, உடைந்த தொட்டியோ, நீச்சல் குளமோதான். விளிம்பைக் கெடுப்பது அலை மட்டுமல்ல. மேலிருந்து இறங்கும் வீட்டு நீரும் களிமண்ணை இளக்கிப் பாளத்தைத் தள்ளும்.

இதில் தப்பித்த இடத்துக்குத்தான் நிலவியலாளரின் முழு ஆய்வு: ட்ரோன் மூலம் பாறை முகத்தின் முப்பரிமாண அளவு, குறைந்தது ஒரு துளையிட்ட மண் மாதிரி, நில அதிர்வு முறையில் அடுக்குகளின் ஆழம், விரிசல்களின் திசைப் பட்டியல். நிலநடுக்கக் கணக்கும் அதில் இருக்க வேண்டும். 1693 ஜனவரி 11இல் வால் தி நோத்தோ பகுதியையும், 1908 டிசம்பர் 28இல் மெஸ்ஸினாவையும் நிலநடுக்கம் அழித்த தீவு இது. சாதாரண நாளில் நிற்கும் சரிவு, நடுக்கத்தின்போது நிற்குமா என்பது தனிக் கணக்கு.

பாறைக்கு இரும்பு ஆணி அடிக்கலாம், வலை போடலாம் என்று புரோக்கர் சொல்வார். போடலாம்தான். ஆனால் பாறை அடியில் உள்ள கரை அரசுடையது. அனுமதி பல அலுவலகங்களில் வாங்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண நாகப்பூச்சு இரும்பு நீடிக்காது. உங்கள் நிலத்திலிருந்து கல் விழுந்து கீழே குளிப்பவருக்கு அடிபட்டால், பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் என்ற முறையில் (இத்தாலியச் சிவில் சட்டத்தின் 2051ஆம் பிரிவு) நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கொமூனே, அதாவது ஊர் நகராட்சி, பாறையைப் பாதுகாப்பாக்கு என்று உத்தரவு போட்டால் அந்தச் செலவும் உரிமையாளரின் தலையில்தான். கொமூனேயில் அப்படி ஒரு உத்தரவு ஏற்கனவே நிலுவையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும்.

மூன்று கோடுகள்

கடலிலிருந்து அளந்து மூன்று கோடுகளை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

30 மீட்டர்: இது நீர்க்கரையிலிருந்து மட்டும் அளப்பதல்ல. கப்பல் போக்குவரத்துச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, கடலுக்கு மேல் உயர்ந்த நிலத்தின் விளிம்பிலிருந்தும் 30 மீட்டரைக் கணக்கிடுகிறது. அதற்குள் புதிய வேலை எதற்கும் கடல்சார் அதிகாரியின் அனுமதி வேண்டும். உச்சிக் கோட்டைகளில் பல முழுக்க இந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும்.

150 மீட்டர்: சிசிலிக்கே உரிய 1976ஆம் ஆண்டின் 78ஆம் எண் சட்டம். நீர்க்கரையிலிருந்து இந்தத் தொலைவுக்குள் புதிதாகக் கட்டக்கூடாது; இருப்பதை, கன அளவு கூடாமல் சீரமைக்கலாம். 1976 முடிவதற்குள் கட்டுமானம் எழும்பாத எதையும் பின்னால் அபராதம் கட்டி முறைப்படுத்த வழி இல்லை. 'அதற்கு மனு போட்டிருக்கிறோம், வந்துவிடும்' என்று சொல்லப்படும் விருந்தினர் அறை இந்தப் பட்டைக்குள் 1980களில் கட்டப்பட்டதாக இருந்தால், அதன் மதிப்பைப் பூச்சியம் என்று போடுங்கள். சரியாகச் சொன்னால் பூச்சியத்துக்கும் கீழே. இடிக்கும் செலவு உங்களுடையது.

300 மீட்டர்: 1985இன் கலாஸ்ஸோ சட்டத்தில் வந்து, இன்று 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்து-நிலத்தோற்றச் சட்டத் தொகுப்பில் 142ஆம் பிரிவாக இருப்பது. உயர்ந்த நிலத்துக்கும் பொருந்தும். வெளித்தோற்றம் மாறும் எந்த வேலைக்கும் நிலத்தோற்ற அனுமதி தேவை. சாளரச் சட்டகத்தின் நிறம்கூட இதில் சேரும்.

கடலுக்கு இறங்கும், கல்லில் வெட்டிய படிக்கட்டு, தனிப் படகுத்துறை என்று விளம்பரத்தில் இருந்தால் உடனே கரைக் குத்தகை ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். கரை தனியாருக்கு விற்கப்படுவதில்லை. குத்தகை உரிமையாகத்தான் கிடைக்கும். அதற்கு முடிவுத் தேதி உண்டு, ஆண்டுக் கட்டணம் உண்டு, விற்றால் தானாக வாங்குபவர் பெயருக்கு மாறாது. பல படிக்கட்டுகளுக்கு எந்தக் காகிதமும் இருப்பதில்லை.

காகிதம்

இத்தாலியில் கதாஸ்தோ என்ற நிலப்பதிவு வரிக்காக வைத்திருப்பது. அதில் ஒருவர் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது, நம் ஊரில் பட்டாவை மட்டும் வைத்துக் கிரயம் செய்யாததுபோல. உரிமைத் தொடர்ச்சியைச் சொல்வது வில்லங்கப் பதிவகம். குறைந்தது 20 ஆண்டு வரலாறு எடுக்க வேண்டும். கோட்டைகளில் குறை பெரும்பாலும் வாரிசு வழியில் வரும். பாட்டன் இறந்தார், பேரன் பேத்திகள் ஒன்பது பேர், அவர்களில் இருவர் அர்ஜென்டினாவில், ஒருவர் சிறுவர் என்பது சாதாரணம். வாரிசுரிமையை ஏற்ற செயல் பதிவகத்தில் ஏறியிருக்க வேண்டும். சிறுவரின் பங்குக்கு நீதிமன்றத்தின் அனுமதியோ, நொத்தாயோ எனப்படும், பத்திரத்தை எழுதி உறுதிசெய்யும் பொது அதிகாரியின் அனுமதியோ வேண்டும். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கையெழுத்திட்ட சம்மதத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கட்டட அனுமதிப் பகுதியில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் சொல் 'ஆந்தே செஸ்ஸாந்தசெத்தே', அதாவது 67க்கு முந்தையது. 1967 செப்டம்பர் 1க்கு முன் தொடங்கிய கட்டடத்துக்கு, அப்படி என்ற உறுதிமொழியை மட்டும் வைத்தே கிரயப் பத்திரம் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் அது கோட்டையின் பழைய உடலுக்குப் பொருந்துமே தவிர 1978இல் மாடியில் ஏறிய அறைக்குப் பொருந்தாது. கதாஸ்தோவில் உள்ள பிளானிமெத்ரியா வரைபடமும் இப்போதுள்ள கட்டடமும் ஒத்துப்போவதைக் காட்டி 'எல்லாம் சரி' என்பார்கள். அது வரிக்கான ஒத்திசைவு; அது இல்லாவிட்டால் பத்திரமே செல்லாது என்பதால் விற்பவர் கடைசி வாரத்தில் புது வரைபடம் தாக்கல் செய்துவிடுவார். கொமூனே கொடுத்த அனுமதியோடு ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு உங்கள் கட்டடக்கலைஞர் கொமூனேயின் கோப்பறைக்குப் போய்ப் பழைய கோப்பைத் திறந்து, அளந்த வரைபடத்தோடு அறை அறையாக ஒப்பிட்டு எழுதித் தர வேண்டும். 1985, 1994, 2003 ஆகிய மூன்று பொது மன்னிப்புச் சட்டங்களின் கீழ் போட்ட மனுக்கள் முடிவாகாமல் கிடக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

சுற்றியுள்ள நிலம் 5,000 ச.மீ.க்கு மேல் என்றால் நிலப் பயன்பாட்டுச் சான்று பத்திரத்தோடு சேர வேண்டும். அது விவசாய நிலமானால், அதை உழும் குத்தகைக்காரருக்கோ எல்லையில் உள்ள விவசாயிக்கோ முன்வாங்கும் உரிமை உண்டு. 1965ஆம் ஆண்டின் 590ஆம் எண் சட்டப்படி அவர்களுக்கு முறையான அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். கோட்டையோடு எலுமிச்சைத் தோப்பும் வருகிறது என்ற மகிழ்ச்சியில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பாதையையும் கவனியுங்கள். உச்சிக்கு ஏறும் வண்டிப்பாதை யார் நிலத்தின் வழியே போகிறது, வழியுரிமை பதிவாகியிருக்கிறதா, எவ்வளவு அகலத்துக்கு? 2.5 மீட்டர் அகலத்துக்கு மட்டும் உரிமை இருந்தால் கான்கிரீட் லாரியும் கிரேனும் ஏறாது; சீரமைப்புச் செலவு அந்த ஒரு வரியால் பெருகும்.

விற்பனையில் அரசும் ஓர் ஆள்

கட்டடம் வரலாற்றுச் சொத்தாக அறிவிக்கப்பட்டிருந்தால் அதற்கு 'வின்கொலோ' உண்டு என்பார்கள். 1909, 1939ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் வந்த பழைய அறிவிப்புகளும் இன்னும் உயிரோடிருக்கின்றன. வில்லங்கப் பதிவகத்தில் தேடுவது ஒன்று. அது போதாது, சொப்ரின்தெந்தென்ஸா என்ற பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்பது இரண்டு. சிசிலியில் இந்த அலுவலகங்கள் ரோமின் அமைச்சகத்துக்குக் கீழ் இல்லை, மாநில அரசின் கீழ் இயங்குகின்றன. கோபுரம் ஒரு காலத்தில் ராணுவத்திடமோ திருச்சபையிடமோ இருந்ததா என்றும் கேளுங்கள். பொது அமைப்புகளின் சொத்து 70 ஆண்டு கடந்துவிட்டால் அறிவிப்பு இல்லாமலே பாதுகாப்புக்குள் வரும். அதை விற்க அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் நடந்த பழைய விற்பனை, பின்னால் வந்த எல்லாப் பத்திரங்களின் அடியிலும் ஓட்டையாக இருக்கும்.

வின்கொலோ உள்ள கட்டடம் விற்கப்படும்போது அரசுக்கு அதே விலையில் முதலில் வாங்கும் உரிமை உண்டு. நடைமுறை இப்படி: நொத்தாயோ முன் கிரயப் பத்திரம் எழுதப்படும், ஆனால் 'அரசு வாங்காவிட்டால் மட்டுமே செல்லும்' என்ற நிபந்தனையோடு. எழுதிய 30 நாளுக்குள் விற்பவர் தரப்பில் சொப்ரின்தெந்தென்ஸாவுக்கு அறிவிப்பு போக வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து 60 நாள் அரசின் காலம், கொமூனேயும் முன்வரலாம். அந்த 60 நாளும் சாவியைக் கையில் கொடுக்கக்கூடாது. அறிவிப்பில் குறை இருந்தாலோ தாமதமானாலோ 60 நாள் 180 ஆகிவிடும். அறிவிப்பே இல்லாவிட்டால் விற்பனை செல்லாது, குற்ற வழக்கும் வரும். காலம் முடிந்ததும் நிபந்தனை நிறைவேறியதாக இரண்டாவது ஆவணம் ஒன்று எழுதிப் பதிவு செய்யப்படும். அரசு இந்த உரிமையைப் பயன்படுத்துவது அபூர்வம். அதை நம்பி, 60 நாள் முடியுமுன் வேலையாட்களை உள்ளே விடுவது மட்டும் வேண்டாம்.

வின்கொலோ இருந்தால் வாங்காதே என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். உள்ளேயும் வெளியேயும் எந்த வேலைக்கும் முன் அனுமதி தேவை, அதற்கு 120 நாள் வரை ஆகலாம். வரைபடத்தில் கையெழுத்திடுபவர் கட்டடக்கலைஞராக இருக்க வேண்டும், ஜெயோமெத்ரா என்ற அளவையாளர் போதாது. பதிலுக்கு, சொத்து வரியின் அடிப்படை பாதியாகக் குறைகிறது. சீரமைப்புச் செலவில் பாதி வரை அரசு உதவ வழி இருக்கிறது, பெற்றால் பொதுமக்களைப் பார்க்க அனுமதிக்கும் கடமையும் வரும். வின்கொலோ இல்லாத கோட்டையில்கூடச் சுவரோவியம், குலச்சின்னக் கல், கல்வெட்டு ஆகியவற்றை அனுமதியின்றிப் பெயர்க்க முடியாது. கடைசிச் சுற்றிப்பார்ப்பின்போது அவற்றைப் படமெடுத்துப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். கைமாறும் இடைவெளியில் காணாமல் போவது இவைதான்.

பணம் எப்போது கைமாறுகிறது

முதலில் ப்ரொபோஸ்தா என்ற வாங்கும் முன்மொழிவு. இதை வெறும் விருப்பக் கடிதம் என்று நினைக்கக்கூடாது: விற்பவர் ஏற்றுக் கையெழுத்திட்ட செய்தி உங்களுக்கு வந்த நிமிடமே ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது, புரோக்கரின் கமிஷனும் பிறந்துவிடுகிறது. வழக்கமாக 3 சதவீதம் அளவும் அதன்மேல் 22 சதவீத வாட் வரியும். ஆகவே நிபந்தனைகள் எல்லாம் இந்த முதல் காகிதத்திலேயே ஏற வேண்டும். நிலவியல் அறிக்கை சாதகமாக வருவது, கட்டட அனுமதி ஒத்திசைவைக் கட்டடக்கலைஞர் உறுதி செய்வது, பாதை உரிமை, எல்லா வாரிசுகளின் கையெழுத்து, அரசு முன்வாங்கினால் கொடுத்த பணம் முழுதும் திரும்புவது, இவை நிறைவேறும்வரை கமிஷன் கிடையாது என்பது. இவற்றை முடிக்க 60 நாள் கேளுங்கள். 15 நாளில் நிலவியலாளர் துளைகூடப் போட மாட்டார்.

அடுத்தது கொம்ப்ரொமெஸ்ஸோ, விற்பனை உடன்படிக்கை. இதில் கொடுக்கும் முன்பணத்துக்கு என்ன பெயர் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 'கப்பார்ரா கொன்ஃபெர்மதோரியா' என்றால் நீங்கள் பின்வாங்கினால் பணம் போகும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். 'அக்கொந்தோ' என்றால் அது விலையில் ஒரு பகுதி மட்டும். அந்தக் காப்பு இல்லை. உடன்படிக்கையை 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்: 200 யூரோவும் கப்பார்ராவில் 0.5 சதவீதமும். இது வரிக்கான பதிவு. இடையில் விற்பவரின் கடன்காரர் சொத்தை முடக்காமல் இருக்க, நொத்தாயோ மூலம் வில்லங்கப் பதிவகத்திலும் ஏற்ற வேண்டும். கூடுதல் செலவுதான், கோட்டையின் விலையில் அதை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். மீதிப் பணத்தை நொத்தாயோவின் தனி வைப்புக் கணக்கில் போட்டு, நிபந்தனை தீர்ந்த பிறகே விற்பவருக்குப் போகும்படி கேட்க 2017ஆம் ஆண்டின் 124ஆம் எண் சட்டம் உரிமை தருகிறது. 60 நாள் காத்திருப்பு உள்ள விற்பனையில் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

வரிக் கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். கோட்டைகள் கதாஸ்தோவில் ஏ/9 வகை. முதல் வீட்டுக்கான 2 சதவீதச் சலுகை இந்த வகைக்குக் கிடையாது, 9 சதவீதம்தான். ஆனால் தனியாரிடமிருந்து தனிநபர் வாங்கினால், அதைக் கொடுத்த விலையின் மேல் அல்லாமல் கதாஸ்தோ மதிப்பின் மேல் கட்டலாம்: ஆண்டு வாடகை மதிப்பு பெருக்கல் 126. அந்த மதிப்பு 6,000 யூரோ என்றால் அடிப்படை 7,56,000, வரி 68,040, கூடவே 50 யூரோ இரண்டு முறை. விலை 30 லட்சம் யூரோவாக இருந்தாலும் இதே கணக்குதான், அதை முழுதாகப் பத்திரத்தில் காட்டிவிட்டுச் சட்டப்படியே செய்யலாம். பத்திரத்திலேயே இந்தக் கணக்கு முறையைக் கோர வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. நிறுவனத்திடமிருந்து வாட் வரியோடு வாங்கினால் 22 சதவீதம், அதுவும் உண்மை விலையின் மேல். விற்பவர் யார் என்பதே இங்கே லட்சக்கணக்கான யூரோ வித்தியாசம்.

சுவரும் கூரையும்

இப்போதுதான் சுவர். கடலோரக் கல் கட்டடத்தைக் கெடுப்பது உப்பு. நீரில் கரைந்து கல்லுக்குள் போய், காய்ந்ததும் படிகமாகி விரிந்து, மேற்பரப்பை மாவாக உதிர்க்கும். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். 1960, 70களில் அதைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசிய சுவர்களில் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, பூச்சுக்குப் பின்னால் கல் குழிந்துகொண்டே போகும். விரல் முட்டியால் தட்டுங்கள்; வெற்றொலி வரும் பரப்பைச் சுவர் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்யும் வரிசை: ஈரம் வரும் வழியை அடைப்பது, சிமென்டைக் கையால் கொத்தி எடுப்பது, காகிதக் கூழ்ப் பற்றுப் போட்டு உப்பை உறிஞ்சுவது, ஒரு கோடை முழுதும் காயவிடுவது, பிறகே இயற்கை நீர்ச்சுண்ணாம்புச் சாந்து. பற்றுப் போடுவதற்கு முன்னும் பின்னும் சுவரைத் துளைத்து 2, 5, 10 செ.மீ. ஆழத்தில் பொடி எடுத்து உப்பளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டுக் காயாத சுவரில் பூசினால் இரண்டாவது குளிர்காலத்தில் மறுபடி பூக்கும்.

கற்களைப் பிணைத்த பழைய இரும்புப் பட்டைகள் துருத்து வீங்கிக் கல்லை உடைக்கும். மாற்றும்போது 316 தர எவர்சில்வர் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 304 தரம் கடற்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 1960களின் கான்கிரீட் தளங்களில் அடிப்பக்கம் கம்பி தெரிந்தால், தெரியும் இடம் மட்டுமல்ல, உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். கல் சுவரின் தலைமேல் கனமான கான்கிரீட் வளையமோ கூரையோ பிற்காலத்தில் ஏற்றியிருந்தால் அது தனி ஆபத்து. 1997இல் உம்ப்ரியா நிலநடுக்கத்தில் இப்படிப்பட்ட கனத்த கூரைகள் பலவீனமான கல் சுவர்களைப் பிளந்தன. நல்ல அடையாளம் வேறு: வெளிச் சுவரில் தெரியும் இரும்பு நங்கூரத் தட்டுகள். அவை எதிரெதிர்ச் சுவர்களைக் கட்டிப் பிடிக்கும் தண்டுகளின் முனைகள். அவை இறுக்கமாக இருக்கின்றனவா, யாராவது அறையின் அழகுக்காக நடுவில் அறுத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

உள்ளே வளைந்த கூரையும் ஓவியமும் கண்டால் அது கல் வளைவு என்று முடிவு செய்யாதீர்கள். சிசிலியில் நாணல் தட்டியை மரச் சட்டத்தில் கட்டி ஜிப்சம் பூசிய போலி வளைவுகள் ஏராளம். மேலே ஓடு நகர்ந்து நீர் இறங்கினால் ஜிப்சம் இளகி, ஓவியத்தோடு மொத்தமாகக் கீழே வரும். சோதனை கீழிருந்து அல்ல, மேலிருந்து: பரண் வழியே ஏறி நாணல் கட்டு, மரச் சட்டம், சுவரில் செருகிய தூலத்தின் முனை மூன்றையும் பார்க்க வேண்டும். தூலம் முதலில் உளுப்பது சுவருக்குள் மறைந்த முனையில்தான்.

சுவரில் முளைத்த கேப்பர் என்ற புதர்ச்செடியையும் அத்தியையும் பிடுங்கி எறியாதீர்கள். பருத்த வேர் இப்போது கல்லைப் பிளந்த நிலையிலேயே தாங்கியும் நிற்கிறது. அடியில் வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் செத்த பிறகு பிளவைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்புவதுதான் முறை.

தண்ணீர்

உச்சியில் குழாய் நீர் பல இடங்களில் இல்லை, இருந்தாலும் கோடையில் முறை வைத்து வரும். பழைய கோட்டைகளில் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி இருக்கும். கூரைப் பரப்பு 300 ச.மீ., ஆண்டு மழை 500 மி.மீ., வழியில் இழப்பு ஐந்தில் ஒன்று என்றால் 1,20,000 லிட்டர் சேரும். மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் என்பதால் தொட்டியின் கொள்ளளவுதான் முக்கியம், மழையின் அளவல்ல. தொட்டியைக் காலி செய்து உள் பூச்சைப் பாருங்கள், நிரப்பி இரண்டு வாரம் மட்டம் குறிக்கச் சொல்லுங்கள். குறைந்தால் அந்த நீர் எங்கே போகிறது என்பது பாறை பற்றி மேலே சொன்னதிலேயே இருக்கிறது. கழிவுநீர்க் குழிக்கும் இதே கண்டிப்பு: விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, வழிந்தது எங்கே இறங்குகிறது, அனுமதி எண் என்ன.

இத்தாலியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு

முதலில் கோதிசே ஃபிஸ்காலே என்ற வரி எண். இத்தாலியத் தூதரகத்தில் வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வாங்குபவருக்கு, அவருடைய நாட்டில் இத்தாலியர் நிலம் வாங்க முடியுமா என்ற பரஸ்பர நிபந்தனையை நொத்தாயோ சரிபார்ப்பார். இத்தாலியில் செல்லும் வசிப்பு அனுமதி உள்ளவருக்கு இந்தச் சோதனை இல்லை. பலேர்மோவில் நீண்ட காலமாக வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இது பொருந்தும். இத்தாலிய மொழி தெரியாதவர் கையெழுத்திடும் பத்திரம் அவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரோடு. ஆகவே நேரில் வர முடியாதவர்கள் அபோஸ்தில் முத்திரையிட்ட அதிகாரப் பத்திரம் அனுப்புவது எளிது.

இந்தியாவில் வசிப்பவர் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைதான் வெளியே அனுப்ப முடியும். கோட்டை விலைக்கு இது போதாது, பத்திர நாளில் முழுப் பணமும் தேவை. மார்ச்சில் ஒரு தவணை, ஏப்ரலில் மறு தவணை, குடும்பத்தில் பல பேர் கூட்டுரிமையாளராகச் சேர்வது என்று முன்கூட்டியே காலக் கணக்குப் போட்டால்தான் கப்பார்ரா கொடுத்த பிறகு சிக்கிக்கொள்ளாமல் இருக்கலாம். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டுவதும் கட்டாயம்.

சாவி கைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பூச்சு வேலை எதையும் தொடங்காதீர்கள். விரிசல்களின் மேல் அளவுத் தகடு ஒட்டி மாதம் ஒரு முறை படித்து எழுதுங்கள், கசியும் இடங்களைப் படத்தில் குறியுங்கள், விளிம்பில் நான்கு ஆணிகள் அடித்து வீட்டுச் சுவரிலிருந்து தூரத்தை அளந்து வையுங்கள். கட்டடக்கலைஞரின் மதிப்பீடு இந்த அளவுகளை வைத்துத்தான் எழுதப்பட வேண்டும். சொத்து வரி தவணை ஜூன் 16, டிசம்பர் 16. ஏ/9 கட்டடம் அதில் நீங்களே குடியிருந்தாலும் வரிக்கு உட்பட்டது. மேலே சொன்ன 6,000 யூரோ வாடகை மதிப்புள்ள கோட்டைக்கு, வின்கொலோ பாதிக் கழிவும் போக, 1.06 சதவீத விகிதத்தில் ஆண்டுக்கு 5,342 யூரோ (இந்த வரிக்கு வாடகை மதிப்பைப் பெருக்கும் எண் 126 அல்ல, வேறு).